உரிமத்தை எழுதிவிட்டு வெளியிடுங்கள்: தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழுக்காகத் திறமூல நிரல் எழுதி வெளியிடும் நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சிற்றிதழ்களிலிருந்து தட்டச்சு செய்த சில ஆயிரம் பக்கங்களுக்கு ஒரு தேடல் வசதி செய்யப் போன வருடம் முயன்றேன். 'மரங்களிலிருந்து' என்று எழுதியிருந்தாலும் 'மரம்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்க வேண்டும். அதற்காகத் தேடியபோது, விகுதிகளைப் பிரித்து வேர்ச்சொல்லை எடுக்கும் ஒரு பைத்தான் தொகுப்பு, பைத்தான் தொகுப்புகளைப் பகிரும் பைபிஐ தளத்தில் கிடைத்தது. அருமையான வேலை. அதை நம்பியே இரண்டு வாரம் மற்றதை எல்லாம் கட்டினேன். எங்கள் பக்கங்களை ஏற்றுக்கொள்ள முன்வந்த நூலகத்தார் "இதன் உரிமம் என்ன?" என்று கேட்டபோதுதான் தொகுப்பின் விவரங்களைச் சரியாகப் பார்த்தேன். உரிமம் என்ற இடம் காலியாக இருந்தது. மூல நிரல் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் இல்லை. கொடுத்திருந்த மின்னஞ்சல் ஒரு கல்லூரி முகவரி. அதற்கு எழுதியது அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் அந்தத் தொகுப்பை எடுத்துவிட்டு, அதில் பாதி வேலைகூடச் செய்யாத ஒன்றை வைத்துக்கொண்டோம்.

எழுதியவர் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்றுதான் பைபிஐ-யில் ஏற்றியிருப்பார். ஆனால் உரிமம் சொல்லாத நிரல் பொதுச்சொத்து ஆகிவிடாது. பதிப்புரிமைச் சட்டப்படி அதன் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். அவர் சொல்லாமல் நாங்கள் அதை நகலெடுத்து எங்கள் மென்பொருளோடு சேர்த்துத் தர முடியாது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். வெறுமனே 'பிஎஸ்டி' உரிமம் என்று எழுதினால் இரண்டு நிபந்தனை கொண்டதா, மூன்று நிபந்தனை கொண்டதா என்று தெரியாது. 'ஜிபிஎல் 3' என்றால் மூன்றாம் பதிப்பு மட்டுமா, அதற்குப் பின் வருபவையும் சேர்த்தா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது உரிமப் பட்டியலில் ஒவ்வொரு உரிமத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. பைத்தான் உலகில் பெப் 639 என்ற விதி வந்த பிறகு, தொகுப்பின் விவரங்களை எழுதும் பைப்ராஜெக்ட் டாமல் கோப்பில் அந்தக் குறியீட்டை நேரடியாக எழுதலாம். உரிமத்தின் முழு வாசகம் உள்ள கோப்பையும் அங்கேயே சுட்டலாம்.

தமிழ்த் தொகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் நிரல்களில் பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல் உள்ளே இருக்கும். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? விக்சனரியிலிருந்து விளக்கங்களோடு எடுத்திருந்தால், அதன் உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிரவும் வேண்டும். உங்கள் நிரலுக்கு எம்ஐடி உரிமம் போட்டதால் உள்ளே இருக்கும் தரவும் எம்ஐடி ஆகிவிடாது. இரண்டையும் 'அண்ட்' போட்டு ஒரே வரியில் சொல்ல எஸ்பிடிஎக்ஸ் முறை இடம் தருகிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, தொகுப்பு என்ன செய்யும் என்று சொல்லும் ஒரு வரி விவரணை. 'தமிழ் எழுத்துரு மாற்றி' என்று மட்டும் எழுதினால் எனக்கு எதுவும் புரிவதில்லை. பழைய எழுத்துக் குறியாக்கங்களில் எதை மாற்றும்: டிஸ்கியா, பாமினியா, தாப்-ஆ? யூனிகோடுக்கு மட்டும் மாற்றுமா, திரும்பவும் மாற்றுமா? பழைய கோப்புகளோடு போராடுகிறவர் தேடுவது இந்தப் பெயர்களைத்தான். அவற்றை அந்த வரியிலேயே எழுதுங்கள். பைபிஐ வகைப்பாட்டில் இயல்மொழி என்ற தலைப்பின் கீழ் தமிழும் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டால் மொழியை வைத்து வடிகட்டுகிறவர் கண்ணில் உங்கள் தொகுப்பு படும்.

எந்தப் பைத்தான் பதிப்பு முதல் ஓடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொன்னால், பழைய பைத்தான் வைத்திருப்பவருக்குப் பொருந்தும் முந்தைய வெளியீட்டை நிறுவும் கருவியான பிப் தானே தேர்ந்தெடுக்கும். சொல்லாவிட்டால் புதியதையே நிறுவிவிட்டு, ஓட்டும்போது பிழை காட்டும். அரசுப் பள்ளிக் கணினி அறைகளில் இருப்பது எவ்வளவு பழையது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் நிரலுக்குத் தேவைப்படும் சார்புத் தொகுப்புகளை 'சரியாக இந்தப் பதிப்புதான்' என்று இறுக்கிக் கட்டாதீர்கள். மற்றவற்றோடு சேர்த்து நிறுவும்போது முட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பைபிஐ-யில் ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அழித்த பிறகும், மறுபடி பயன்படுத்த விடமாட்டார்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் புதிய பதிப்பு எண் வேண்டும். அதனால் முதலில் டெஸ்ட்பைபிஐ என்ற சோதனைத் தளத்தில் ஏற்றி, பக்கம் எப்படித் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். தொகுப்பை ஏற்ற உதவும் ட்வைன் கருவியின் செக் கட்டளை, ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பு சரியாகக் காட்டப்படுமா என்று முன்கூட்டியே சொல்லும்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியின் தொகுப்புகளைப் பகிரும் கிரேட்ஸ் தளத்தில், விவரணையும் உரிமமும் இல்லாத தொகுப்பை ஏற்றவே முடியாது. பைபிஐ அப்படித் தடுப்பதில்லை. பெயரும் பதிப்பு எண்ணும் இருந்தால் கிட்டத்தட்டப் போதும். அந்தத் தடையை நாமே நமக்குப் போட்டுக்கொள்வோம் என்பதுதான் என் வேண்டுகோள். மாணவர்களுக்குத் திட்டப்பணி தரும் ஆசிரியர்களும் மதிப்பெண் போடும் முன் இந்த இரண்டையும் பார்த்தால் நல்லது. தொடர்புக்குக் கல்லூரி மின்னஞ்சலை விட, படித்து முடித்த பிறகும் இருக்கும் ஒரு முகவரியைக் கேளுங்கள்.

ஏற்கெனவே வெளியிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். நிரலில் எதையும் தொடாமல், விவரங்களை மட்டும் நிரப்பி, பதிப்பு எண்ணின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி வெளியிட்டால் போதும். ஒரு மாலை நேர வேலைதான். எது தெரியவில்லையோ கேளுங்கள், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். அந்த வேர்ச்சொல் தொகுப்பை எழுதியவர் இதைப் படித்தால், முதலில் உங்களுடையதையே செய்வோம். உங்கள் நிரலைக் கழற்றிய இடம் எங்கள் தேடலில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்,
தமிழ் நிரல்களைப் பயன்படுத்தும் ஒருவன்