காய்ச்சல் என்று சொன்னது பொய்

காட்பாடி,
மாசி கடைசி

அன்புள்ள மணி,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் பேரன் காதுகுத்துக்கு வராததற்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு நானும் உன் தங்கச்சியும் ஆற்காடு டெல்லி கேட் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். பையில் பட்டு வேட்டியும் மொய்க் கவரும் இருந்தன, அதையாவது நம்பு. பத்து மணிக்கு நடையை முடித்து, பஸ் பிடித்து, பந்திக்குள் சோளிங்கர் வந்துவிடுவதாகத்தான் கணக்கு. என் கணக்கு உனக்குத் தெரியாததா?

என்ன நடை என்கிறாயா? வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை, பாலாற்றோரமாக. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். சிரிக்காதே. ஒரேயடியாக இல்லை. பொங்கல் கழிந்து ஏழு ஞாயிறு. விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், போன வாரம் விட்ட இடத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை நடந்து, பஸ்ஸிலேயே வீடு திரும்பி, சுடுதண்ணீரில் கால் வைத்துப் படுத்துவிடுவது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் தடுத்திருப்பார்கள், நீ கிண்டல் பண்ணியே முடித்திருப்பாய்.

யோசனை என்னுடையதுதான். முப்பத்துநாலு வருஷம் ஆபீஸ் டிராயிங் பிராஞ்சில் உட்கார்ந்து வரைபடங்களில் நீல மையில் பாலாற்றை வரைந்தவன் நான். 348 கிலோமீட்டரில் 222 நம்முடையது என்று எத்தனை அறிக்கையில் எழுதியிருப்போம்! நந்தி மலையிலிருந்து வயலூர் கடல்வரை கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளைப் போடுவேன். ஆனால் கால் வைத்துப் பார்த்ததில்லை. பாலத்தின்மேல் பஸ் ஜன்னல்தான். நம் பிராஞ்சில் மூத்தவர், ஸ்கேல் தாத்தா சொல்வாரே, "மை காஞ்சா ஆறு காஞ்சிடும்" என்று. அது ஞாபகம் வந்துதான் புறப்பட்டேன் என்றுகூட வைத்துக்கொள்.

நான் பேரன் சொன்னான் என்று நாலாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கி, ஆம்பூர் போவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். உன் தங்கச்சி வீட்டுச் செருப்போடு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அதே நடை. மூன்றாம் வாரம் நானும் செருப்புக்கு மாறிவிட்டேன்.

வழியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன வேண்டுதல்?" நம் ஊரில் வயசானவர்கள் நடந்தால் சாமிக்காகத்தான் நடக்கவேண்டும். சும்மா நடக்கிறோம் என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பணத்தைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகள் துரத்திவிட்டார்களோ என்று. மாதனூர் தாண்டி ஒரு அம்மாள் எங்களை உட்காரவைத்துக் கேப்பங்கூழ் கொடுத்து மெதுவாக விசாரித்தாள். உன் தங்கச்சி வாரத்துக்கு ஒரு பதில் வைத்திருந்தாள். ஒருநாள் பேத்தி படிப்புக்கு, ஒருநாள் என் சர்க்கரைக்கு. விரிஞ்சிபுரத்தில் அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. அங்கே சுவாமி பெயரே வழித்துணைநாதர். குருக்கள் தானே முடிவு செய்துகொண்டு விபூதி கொடுத்தார். மதில் அழகு என்று சொல்வது உண்மைதான். ஆனால் நான் நேரம் காட்டும் கல்லின் பக்கத்தில்தான் அரைமணி நின்றேன். அரைவட்டத்தில் கோடுகளும் எண்களும். பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற இடம்தான் மணி. போனோடு ஒத்துப் பார்த்தேன், ஏறக்குறைய சரி. அதைக் கீறியவன் நம் ஜாதிக்காரன், மணி. டிராயிங் பிராஞ்ச்.

ஆம்பூர்ப் பக்கம் கரையோரம் ஒரு கிணற்றில் முகம் கழுவப் போனேன். "வாய்ல வெச்சுடாதீங்க" என்று எங்கிருந்தோ குரல். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் தோல் பதனிடுகிற வாடை எங்களை விட்டுப் போகவே இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது நீ ஆபீஸுக்கே டீ வாங்கிக் கொடுத்தாயே. மாசுபடுத்தியவனே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்று நம் வேலூர் வழக்கில்தான் சொன்னார்கள். அந்த டீயை நினைத்துக்கொண்டே சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். பள்ளிகொண்டா தாண்டி ஒரு ஊற்றுக்கால் இருக்குமே. மணலுக்கு அடியில் ஓடுகிற தண்ணீரை வெட்டி எடுத்து வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாய். நானும் நீயும் சேர்ந்து டிரேசிங் துணியில் படம் எடுத்தது. அந்த வளைவு சரியில்லை என்று தாத்தா மூன்று தரம் அழிக்கவைத்தாரே, அதுதான். அதைத் தேடி ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். கடைசியில் ஆடு மேய்த்த ஒருவர் கையைக் காட்டினார். ஒரு ஆள் ஆழப் பள்ளம், இரண்டு பக்கமும் சீமைக் கருவேல், உள்ளே பிளாஸ்டிக். நின்று பார்த்தேன். வளைவு நாம் போட்டபடியே இருந்தது. இம்மி பிசகவில்லை. தண்ணீர் வருமா என்று கேட்டதற்கு அவர், "மணல் இருந்தாத்தானே ஊத்து இருக்கும்?" என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டார்.

அதிலிருந்து ஆற்றைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. எனக்கு இத்தனை நாள் ஆறு என்றால் இரண்டு கரைக்கோடும் நடுவில் நீலமும்தான். மணலுக்கு நாம் புள்ளிதான் வைப்போம், அதுவும் அவசரத்தில் ஜூனியரை விட்டு வைக்கச் சொல்வோம். அந்தப் புள்ளிகள்தான் ஆறு என்று அறுபத்தாறு வயதில் தெரிகிறது. மணல் இருந்த இடமெல்லாம் களிமண்ணும் பாறையும் நாணலும். 2021-ல் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டோமே, அது தங்க இடமில்லாமல்தான் நேரே கடலுக்குப் போயிருக்கிறது. அன்று முழுக்க நான் பேசவில்லை. உன் தங்கச்சியும் கேட்கவில்லை. பஸ்ஸில்தான், "நீங்க வரைஞ்சது தப்பில்லையே, விடுங்க" என்றாள்.

சரி. கடைசி ஞாயிறு திருவலத்திலிருந்து புறப்பட்டோம். அங்கே நந்தி சிவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் ஸ்டோர் கீப்பர் ஞாபகம் வந்து சன்னதியிலேயே சிரித்துவிட்டேன். பூக்காரி வழக்கமான கேள்வியைக் கேட்க, உன் தங்கச்சி சட்டென்று, "இவர் ஆபீஸ்ல வரைஞ்ச ஆறு சரியா இருக்கான்னு பாக்க வந்தோம்" என்றாள். ஏழு வாரத்தில் உண்மையைச் சொன்னது அந்த ஒருமுறைதான். பூக்காரி நம்பவில்லை.

அங்கேதான் நான் கெடுத்தேன். 2021 டிசம்பரில் பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகி வண்டிகள் நின்றனவே. அந்தப் பொன்னை பாலாற்றில் சேரும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இறங்கினேன். முள்ளுக்குள் வழி தெரியாமல் மூன்று மணி நேரம் போயிற்று. உன் தங்கச்சி அதற்கு முன்பே, "காதுகுத்துக்கு நேரமாச்சு" என்று நாலு தரம் சொன்னாள். இதை நீ அவளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம், நடுவில் வேலூர், முடிவில் இராணிப்பேட்டை. மூன்று மாவட்டம் நடந்தோம் என்று பீற்றிக்கொள்ளலாம். நாம் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஒரே வடாற்காடு மாவட்டம், ஒரே மேப் ஷீட்.

நீ ரோப்காரில் சோளிங்கர் மலை ஏறினதாகக் கேள்விப்பட்டேன். 1305 படியை விட்டுவிட்டு! டாக்டர் உன்னை நடக்கச் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று? ஆடிக்கு அப்புறம், ஆற்காட்டிலிருந்து வயலூர்வரை மீதியைத் தொடங்கலாம் என்று உத்தேசம். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஷூ வாங்காதே.

இன்னொன்று. டிரேசிங் துணியை ஊறவைத்துக் கஞ்சி போக்கி, உன் மகள் குழந்தையாக இருந்தபோது சட்டை தைத்தீர்களே, அதில் ஒன்று பெட்டியில் கிடந்தால் எடுத்து வை. அவள் பிள்ளைக்குக் காது குத்தியதைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, அதையாவது பார்க்கிறேன்.

அடுத்த வாரம் நேரில் வருகிறேன். டெல்லி கேட்டில் ஒரே ஒரு மக்கன் பேடா சாப்பிட்டேன், சர்க்கரை பற்றி நீ ஆரம்பிக்காதே. மீதி ஜீரா பையில் கொட்டி மொய்க் கவர் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. பணத்தைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். கவர் மட்டும் புதிது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
ராமு