எடை அப்புறம் பார்க்கலாம், முதலில் குழந்தையைத் துடையுங்கள்

பிரசவ அறைகளுக்குப் பொறுப்பான மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

என் மகள் பிறந்ததும் முதலில் படுத்தது என் மார்பில் இல்லை, எடை பார்க்கும் தட்டில். மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடியில் ஈரம் அப்படியே இருந்தது. எடை, நீளம், கையில் அடையாளப் பட்டை எல்லாம் முடிந்து என் கைக்கு வந்தபோது அவள் பாதங்கள் சில்லிட்டிருந்தன. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. அழுகைகூட முனகலாகத்தான் வந்தது. அக்குளில் வெப்பமானி வைத்தார்கள்: 35.2 டிகிரி செல்சியஸ். குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள், அதுவும் குறைவு. இரண்டு நாள் அவள் ஓர் அறையில், நான் ஓர் அறையில்.

உடனே கவனித்ததால் தேறிவிட்டாள். அன்று என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் அந்த அறையின் குளிர் பெரியவர்களின் வசதிக்கு வைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் கதகதப்பாக இருந்த குழந்தை நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. ஈரம் காயக் காயச் சூடும் போகிறது. நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்கு வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பிடரியிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. அந்த எரிப்புக்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகின்றன. குறைமாதக் குழந்தைக்கோ அந்தக் கொழுப்பே போதாது. சர்க்கரை மிகவும் இறங்கி நீடித்தால் மூளை பாதிக்கப்படலாம். பின்னாளில் வலிப்பாகவோ வளர்ச்சித் தாமதமாகவோ அது வெளிப்படலாம். உடல் குளிர்ந்த நிலையில் தீவிர சிகிச்சைக்கு வரும் குறைமாதக் குழந்தைகளிடம் தொற்றும் மரணமும் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மூச்சுத்திணறிப் பிறந்த சில குழந்தைகளை 72 மணி நேரம் குளிர்வித்து மூளையைக் காப்பாற்றுகிறீர்கள். அது நொடிக்கு நொடி கண்காணித்துச் செய்யும் சிகிச்சை. யாரும் கவனிக்காமல் ஒரு பிள்ளை குளிர்ந்துபோவது வேறு.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே எச்சரிக்கை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்றும் சொல்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கத் தொடங்கினார்கள். இன்று அதுவே குறை எடைக் குழந்தைகளுக்கான முறையான சிகிச்சை.

அதனால் கேட்கிறேன். பிரசவ அறைச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். பிரசவம் நெருங்கும்போது ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். குழந்தை வந்ததும் தலையோடு சேர்த்து நன்றாகத் துடைத்து, நனைந்த துணியை மாற்றி, தாயின் மார்பில் போட்டு மேலே போர்த்துங்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அறுவை சிகிச்சையில் பெற்ற தாய்மார்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த அறைகள்தான் இன்னும் குளிர்.

எடை அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்