ஐப்பசி மழைக்கு முன் எங்கள் தெருவின் மழைநீர் சேகரிப்புக் குழிகளைச் சீரமைக்க உதவக் கோரும் மனு

அனுப்புநர்
தெருக் குடியிருப்போர்,
மேற்கு சென்னை.

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம், சென்னை.

நாள்: 11.8.2025

பொருள்: வண்டல் மூடிக் கிடக்கும் மழைநீர் சேகரிப்புக் குழிகளையும் தெருமுனைப் பூங்காக் கிணற்றையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சரிசெய்ய உதவி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் 34 வீடுகள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அறிவித்தபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். அதற்குப் பிறகு அவற்றை நாங்கள் திறந்தே பார்க்கவில்லை. அது எங்கள் தவறு, மறைக்க ஒன்றுமில்லை.

இந்தச் சித்திரையில் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒவ்வொரு வீட்டிலும் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். சில குழிகளுக்கு மேல் சிமென்ட் தரையே போட்டுவிட்டார்கள். மற்றவற்றில் பத்துப் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒன்பது குழிகள் மட்டும் குடித்தன. மீதியில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் பகுதி களிமண். அன்று மூன்றடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, ஜல்லியும் மணலும் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். கடற்கரைப் பக்கம் மணல் பூமியில் அது போதும். இங்கே களிமண்ணுக்குக் கீழே இருக்கும் மணல் வரை போனால்தான் நீர் இறங்கும். போதாததற்கு, மொட்டை மாடியிலிருந்து இருபது வருடமாக வந்த தூசியும் இலையும் ஜல்லியின் மேல் சேறாகப் படிந்து பூசியதுபோல் இறுகிவிட்டன.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நான்கு வருடத்துக்கு முன் பதினாறு அடிக்கு உறை (கிணற்று வளையம்) இறக்கி, மாடிக் குழாய்களை எல்லாம் அதில் சேர்த்தார்கள். முதல் மழைநீர் மட்டும் வெளியே போக ஒரு தனி வால்வு வைத்தார்கள். அந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றில் இந்த மே மாதம் வரை தண்ணீர் இருந்தது. அக்கம்பக்கத்தில் ஐந்து வீடுகள் அங்கேதான் இறைத்தோம்.

ஐயா, 2019 கோடையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டன. எங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் காற்றுதான் வந்தது. லாரிச் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து குடத்தோடு ஓடினோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2015 டிசம்பரில், இதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் 93 சதுர மீட்டர். வீணாவதைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் தேறும். அப்படியென்றால் எங்கள் 34 மாடிகளில் விழுவது அந்த ரயில் ஒன்று கொண்டுவந்த தண்ணீரைவிட அதிகம். இவ்வளவையும் வருடா வருடம் சாக்கடையில் விட்டுவிட்டு லாரிக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறோம்.

எங்கள் பங்குக்குச் சிலவற்றைத் தொடங்கிவிட்டோம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது. ஏசி தண்ணீர் பூந்தொட்டிக்கு. ஏழு வீடுகளில் குளியல் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுகிறோம். செடிகளின் அடியில் தேங்காய் நாரும் சருகும் மூடாக்காகப் போட்டதில், தினமும் ஊற்றிய தொட்டிகளுக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதுகிறது. குளியல் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எதையும் மழைநீர்க் குழியில் விடக்கூடாது என்றும் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறோம்.

எங்களால் முடியாதவற்றுக்குத்தான் தங்களிடம் வருகிறோம். மண் வகை தெரிந்த பொறியாளர் ஒருவரை இரண்டு நாட்களுக்கு எங்கள் தெருவுக்கு அனுப்பிவையுங்கள். எந்த வீட்டுக்கு வண்டல் எடுத்தாலே போதும், எந்த வீட்டுக்கு உறை இறக்க வேண்டும், எத்தனை அடி என்று அவர் சொல்லட்டும். அவரவர் வீட்டுச் செலவை அவரவரே ஏற்றுக்கொள்கிறோம். நோட்டீஸ் ஒட்டினால் பயந்துபோய் மறுபடியும் பேருக்கு ஒரு குழி தோண்டுவார்கள். ஆள் வந்து காட்டினால்தான் வேலை நடக்கும்.

அடுத்து, எடுக்கும் வண்டலை அள்ளிப்போக ஒரு வண்டி தர வேண்டும். தெருவோரம் குவித்தால் முதல் மழையிலேயே வடிகாலில் இறங்கி அடைத்துவிடும்.

முக்கியமாக, பூங்காக் கிணறு. இந்த மனுவை எழுதும் நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த 1997-இல் அதில் வாளி விட்டு இறைத்திருக்கிறேன். இன்று அதில் குப்பையும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் கிடக்கின்றன. மண் போட்டு மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. தயவுசெய்து மூட விடாதீர்கள். அதைத் தூர்வாரி, மேலே கம்பிவலை போட்டு, பூங்காவை ஒட்டிய சமுதாயக் கூடத்தின் மாடிக் குழாய்களை வடிகட்டித் தொட்டி வழியாக அதில் இணைத்தால், பூங்காவுக்குக் குடிநீர் லாரி தேவைப்படாது. இப்போது உச்சி வெயிலில் குடிநீரைப் புல்லில் பீய்ச்சுகிறார்கள், அதில் ஒரு பகுதி வீணாக ஆவியாகப் போகிறது. காலை எட்டு மணிக்குள் பாய்ச்சவும், கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடியில் போடவும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்டோபர் மூன்றாவது வாரவாக்கில் மழை பிடித்துவிடும். உறை இறக்கும் ஆட்கள் புரட்டாசியில் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஆவணி முடிவதற்குள் பொறியாளர் வந்தால் பெரிய உதவியாக இருக்கும். சனி, ஞாயிறு என்றால் எல்லா வீடுகளிலும் ஆள் இருப்பார்கள், மூடிகளைத் திறந்து வைத்திருப்போம். குழி வாரியாக நாங்கள் எழுதிய பட்டியலையும் 34 வீட்டாரின் கையொப்பங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருக் குடியிருப்போர்