அப்பலாச்சியப் பாடல்களில் இருப்பது புலம்பல் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க நாட்டார் இசை குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைமக்களின் கதைப்பாடல்களையும், ஞானப்பாடல்கள் எனப்படும் கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களையும் ‘விதியை நொந்தவர்களின் புலம்பல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்பாடல்களைப் பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டு வருபவன் நான். அவற்றில் இருள் உண்டு, புலம்பல் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட கரோலினாவின் டீப் ஆற்றில் நயோமி வைஸ் என்ற பெண் மூழ்கடிக்கப்பட்டு இறந்ததைச் சொல்லும் கதைப்பாடலை எடுத்துக்கொள்வோம். மணம் முடிப்பதாகக் காதலன் வாக்களிப்பதும், அவள் நம்பிப் புறப்படுவதும், உயிருக்காக மன்றாடுவதும், ஆற்றில் பிணமாகக் கிடப்பதும் மாறாத ஒரே மெட்டில் கண்ணிக்குக் கண்ணி வருகின்றன. மன்றாடும் இடத்தில்கூடப் பழைய பாடகர்கள் குரலைக் குழைப்பதில்லை. 1916 முதல் 1918 வரை தம் உதவியாளர் மாட் கார்ப்பிலீசுடன் அம்மலைகளில் சுற்றிப் பாடல்களைத் திரட்டிய ஆங்கிலேய நாட்டார் பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப், பாடுபவர் தம்மை மறைத்துக்கொண்டு பாடலை மட்டுமே முன்னிறுத்தும் இந்தப் பாங்கைக் கண்டு வியந்தார். அழ வேண்டிய பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடும் இந்த அடக்கத்தைத்தான் கட்டுரையாளர் மனம் ஒடுங்கிய நிலை என்று கருதிவிட்டார்.

ஞானப்பாடல்களின் சோகத்துக்குச் சுரங்க வாழ்வின் வறுமையே காரணம் என்று கட்டுரை சொல்வதும் முழு விளக்கமாகாது. கிழக்குக் கென்டக்கியின் ஓல்டு ரெகுலர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில் ஒருவர் ஓர் அடியை விரைவாகச் சொல்லிக் கொடுக்க, சபையார் இசைக்கருவி ஏதுமின்றி அதை மிக மெதுவாக, அவரவர் வழியில் குரலை நெளித்துப் பாடுகிறார்கள். அந்த வரிகளில் பல ஐசக் வாட்ஸ் போன்ற 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதியவை. அம்மலைகளில் பெரும் நிலக்கரிச் சுரங்கங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தியவை. மரணத்தைப் பற்றிய சொற்கள் முன்பே அவர்களிடம் இருந்தன. மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கா சுரங்கம் 1907இல் வெடித்து 362 பேர் மாண்டது போன்ற பேரிழப்புகள் பின்னால் வந்தன.

கட்டுரை பெயர்கூடச் சொல்லாமல் விட்ட பாடகி ஹேசல் டிக்கென்சை நினைக்கும்போது என் மனக்குறை இன்னும் பெரிதாகிறது. அவர் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற மற்றொரு கிறிஸ்தவப் பிரிவின் போதகர். நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அண்ணனைப் பறிகொடுத்த ஹேசல், சிறுவயதில் கேட்ட சபைப் பாடலின் அதே கரடுமுரடான குரலில் அந்நோயைப் பற்றிப் பாடினார். சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களுக்காகவும் பாடினார். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, தொழிற்சங்க அமைப்பாளரான தம் கணவரைத் தேடி ஷெரீப் என்ற காவல் அதிகாரியின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததை அடுத்து, ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் பாட்டைப் புளோரன்ஸ் ரீஸ் அமைத்ததும் ஒரு பழைய மெட்டில்தான்.

இந்த இரு பெண்களைப் பற்றியும் விரிவான கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மதுரை