ஜெயித்த சண்டைகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர்த் தளபதிகளை வரிசைப்படுத்தி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். யார் எத்தனை சண்டையில் ஜெயித்தார் என்பதுதான் அதில் ஒரே அளவுகோல். அப்படியே 1942-இல் பட்டியல் போட்டிருந்தால் ஜப்பானின் முதாகுச்சி மேலே இருந்திருப்பார், சிங்கப்பூரைப் பிடித்த டிவிஷன்களில் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு) ஒன்று அவருடையது. அதே வருடம் பர்மாவிலிருந்து கிட்டத்தட்ட 900 மைல் பின்வாங்கி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் அடிமட்டத்தில் கிடந்திருப்பார்.

1944-இல் இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், இம்பாலிலும் கொஹிமாவிலும் இந்த இருவரும்தான் மோதினார்கள். சுமார் மூன்று வாரச் சாப்பாட்டோடு படையை மலைக்குள் அனுப்பினார் முதாகுச்சி. அதற்குள் இம்பாலைப் பிடித்து அங்கிருக்கும் கிடங்குகளை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இம்பால் விழவே இல்லை. கொஹிமாவில் தன் ஆட்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்து, உத்தரவை மீறிப் பின்வாங்கிய டிவிஷன் தளபதி சாத்தோவை அவர் பதவியிலிருந்தே தூக்கினார்! செத்துப்போன ஜப்பானியச் சிப்பாய்களில் ஏராளமானோர் பசியாலும் நோயாலும் போனவர்கள்.

ஸ்லிம் பக்கம் பாருங்கள். 1943-இல் அவர் படையில் காயத்தோடு ஒருவர் பின்னுக்கு அனுப்பப்பட்டால் நோயோடு 120 பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மலேரியா மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்குகிறார்களா என்று திடீர் சோதனை வைத்தார், 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த யூனிட்டின் தலைமை அதிகாரிக்கு வேலை போய்விடும். மூன்று பேரை நீக்கியதோடு சரி, மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் தலைமையை எடைபோட வேண்டிய இடம் இதுதான், உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவரும் தப்பே செய்யாதவர் இல்லை. கொஹிமாவுக்கு எதிரியின் ஒரு ரெஜிமெண்ட்தான் (டிவிஷனின் ஒரு பகுதி) வரும் என்று நினைத்தார், முழு டிவிஷனே வந்தது. அப்புறம் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானிலிருந்து விமானத்தில் ஆட்களை இறக்கித்தான் சமாளித்தார்கள், தன் கணிப்பு தவறியதைப் பின்னாளில் அவரே எழுதியும் வைத்தார்.

ஸ்லிமிடம் விமானம் இருந்தது, முதாகுச்சியிடம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், மேலிடமும் அவர் திட்டத்துக்குத் தலையாட்டியது, பழி முழுவதும் அவருடையது அல்ல. ஆனால் கையில் என்ன இல்லை என்று தெரிந்தும் போகத் துடித்தவர் அவர்தானே? அடுத்த முறை பட்டியல் போடும்போது ரேஷன் கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்