பேத்தியின் பள்ளித் தேர்வு குறித்து அப்பாவுக்கு

புரூக்ளின், நியூயார்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் பேத்தி இப்போது எட்டாம் வகுப்பு. இந்த ஊரில் எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதி விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வீட்டில் எந்நேரமும் அதே பேச்சுதான். அவள் முதலாவதாக எழுத நினைக்கும் பள்ளியைப் பற்றி, மேல்நிலை வகுப்புகளில் இத்தனை ஆண்டுகள் தொழிற்கல்வி கற்பித்த உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் 2011 செப்டம்பரில் தொடங்கிய பி-டெக் (P-TECH; நம் ஊர் பி.டெக். பட்டம் அல்ல) என்னும் அரசுப் பள்ளி அது. நகரக் கல்வித் துறை, ஐபிஎம் நிறுவனம், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டி டெக் கல்லூரி ஆகிய மூன்றும் சேர்ந்து அதை உருவாக்கின. மற்றப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை என்றால், இங்கே 14 வரை ஆறு ஆண்டுகள். முடிப்பவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழோடு, வழக்கமாகக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துப் பெறும் அசோசியேட் பட்டமும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. 2013-இல் அதிபர் ஒபாமா நேரில் வந்து பார்த்துப் பாராட்டினார்.

என்னை மிகவும் கவர்ந்தது பாடத்திட்டம் உருவான விதம். ஆரம்பநிலை வேலைக்கு வருபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனம் முதலில் பட்டியலிட்டுக் கொடுக்க, அதிலிருந்து பின்னோக்கி வந்து கல்லூரிப் பாடங்களையும் பள்ளிப் பாடங்களையும் அமைத்தார்கள். நீங்கள் மோட்டார் ரீவைண்டிங் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் தெரிந்திருந்தது. பீளமேடு முழுக்கப் பம்பு செட்டுக் கம்பெனிகளும் இருந்தன. ஆனால் பள்ளிக்கு வந்து, 'எங்களுக்கு இன்னது தெரிந்த ஆள் வேண்டும்' என்று சொல்ல ஒருவரும் இல்லை என்று நீங்கள் வருந்தியதை நான் மறக்கவில்லை. அந்த ஒரு கண்ணியை இங்கே ஒப்பந்தமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எங்கள் மேல்மாடியில் இருக்கும் கயானாக் குடும்பத்துப் பையன் அங்கே பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவன் தந்தை பேருந்து ஓட்டுநர்; அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவன்தான். அவனுக்கு வழிகாட்டியாக இருக்கும் நிறுவன ஊழியர், மின்னஞ்சலில் தலைப்பு வரி காலியாக இருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாராம். இப்போது அவன் எழுதும் கடிதங்களைப் பார்த்தால் அலுவலகத்தில் பழகியவன் எழுதியது போல இருக்கிறது. கோடையில் சம்பளத்தோடு பயிற்சிக்கும் போக இருக்கிறான்.

எனக்குக் கவலைகளும் உண்டு. பட்டம் பெற்றால் நேர்முகத் தேர்வில் முன்னுரிமை உண்டே தவிர, வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. பதினாறு வயதில் ஒரு கல்லூரிப் பாடத்தில் தவறினால் அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நின்றுவிடும். பின்னால் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தின் இன்றைய தேவைக்கென்று வடித்த படிப்பு, அந்தத் தேவை மாறும்போது பிள்ளையைக் கைவிடாதா என்று உங்கள் மாப்பிள்ளை கேட்கிறார். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் கணிதமும் ஆங்கிலமும் அங்கே குறைக்கப்படவில்லை. இரண்டாண்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான்காண்டுப் பட்டத்துக்கும் தொடர முடியும் என்பதால் நான் சேர்க்கும் பக்கமே சாய்கிறேன்.

கணினி, மின்-இயந்திரத் தொழில்நுட்பம் என இரண்டு பிரிவுகள் உள்ளன. தோழிகள் எல்லோரும் கணினி என்கிறார்கள்; இவளோ பழுதான மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டில் எது என்று உங்கள் கருத்தை அவளுக்கே தனியாக எழுதுங்கள். விண்ணப்பம் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்