பாப்பாவின் சதுரமும் 'டைமண்டும்'

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சதுரத்தைச் சாய்த்து வரைந்தால் பாப்பா அதைச் சதுரம் என்று ஒத்துக்கொள்ளாமல் 'டைமண்ட்' என்கிறாள், பின்தங்கிவிடுவாளோ என்று கவலைப்பட்டாய். ஐந்து வயதில் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். பாலர் பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். பியேர், டீனா வான் ஹீலே என்ற டச்சு ஆசிரியத் தம்பதி 1957லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைகள் முதலில் மொத்தத் தோற்றத்தை வைத்துத்தான் உருவத்தை அடையாளம் காண்பார்கள். பக்கம் எத்தனை, மூலை எப்படி என்று பார்ப்பது அடுத்த படி. வயது கூடுவதால் மட்டும் அந்தப் படி ஏறிவிட முடியாது, அதற்கேற்ற அனுபவம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது.

நீ வாங்கி வைத்திருக்கும் பட அட்டைகளில் அந்த அனுபவம் கிடைக்காது, தம்பி. பெரும்பாலும் முக்கோணம் என்றால் மூன்று பக்கமும் சமமாக, அடிப்பக்கம் தரையில் படிந்திருக்கும் ஒன்றைத்தான் போடுகிறார்கள். அதையே பார்த்த பிள்ளையிடம் ஒல்லியாக, தலைகீழாக ஒரு முக்கோணத்தைக் காட்டினால் எப்படி ஒத்துக்கொள்ளும்?

அட்டையை எடுத்து வைத்துவிட்டு ஸ்ட்ராவும் பிளாஸ்டிசின் களிமண்ணும் வாங்கு. ஒரே நீளத்தில் நான்கு ஸ்ட்ரா, மூலைக்கு ஓர் உருண்டை. சதுரத்தை அவளே செய்து, மேசைமேல் நிறுத்தி, மேல் மூலையை ஒரு விரலால் மெல்லத் தள்ளட்டும். அப்படியே சரிந்து சாய்சதுரமாகிவிடும். பக்கங்களின் நீளம் மாறவில்லை, மூலைகள்தான் மாறின என்பதை அவள் கையே கண்டுபிடிக்கும். அப்புறம் முக்கோணத்தைத் தள்ளச் சொல். எவ்வளவு தள்ளினாலும் உருவம் மாறாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு ஸ்ட்ரா வைத்தால் அதுவும் விறைப்பாக நிற்கும். அதே நீள ஸ்ட்ரா மூலைக்கு மூலை எட்டாது. இன்னும் நீளமாக வேண்டும் என்று அவளே கேட்பாள், பொறுத்திரு. எதிர் புளோக்குக்குப் பின்னால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. அங்கிருக்கும் கிரேனின் கை நெடுக முக்கோணம்தான். அடுத்த முறை வீடியோவில் பேசும்போது அவளுக்குக் காட்டுகிறேன்.

அவள் 'டைமண்ட்' என்றால் உடனே திருத்தாதே. ஒரு தாளின் மூலையைக் கொடுத்து, வரைந்ததன் மூலையில் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல். ஹரி ராயா பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் கொண்டுவரும் கெத்துபாட், அந்த ஓலையில் பொதிந்த சோற்றுப் பொட்டலம், ஞாபகம் இருக்கிறதல்லவா? மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு உருவம், தட்டில் வைத்தால் வேறு உருவம். ஆனால் பொட்டலம் ஒன்றுதான்.

இங்கே சிங்கப்பூரில் 1980களிலிருந்து தொடக்கப்பள்ளிக் கணக்கே முதலில் பொருள், பிறகு படம், அதற்குப் பிறகுதான் குறியீடு என்ற வரிசையில் வருகிறது. நீயும் அப்படிப் படித்தவன்தான்.

துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யும் டேன்கிராம் புதிர் ஒன்றைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். ஐந்து முக்கோணம், ஒரு சதுரம், ஓர் இணைகரம், ஆக ஏழு துண்டு. சிறிய முக்கோணம் இரண்டைச் சேர்த்தால் அந்தச் சதுரமும் வரும், இணைகரமும் வரும், நடுத்தர முக்கோணமும் வரும். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதே. இணைகரத்தில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். சில உருவங்களில் அதை எத்தனை சுற்று சுற்றினாலும் உட்காராது, புரட்டிப் போட வேண்டும். மற்ற ஆறுக்கும் அந்தத் தேவையே இல்லை. அதனால் ஏழு துண்டுக்கும் இரண்டு பக்கமும் ஒரே வண்ணம் தீட்டியிருக்கிறேன், பின்பக்கம் என்று ஒதுக்கிவிடக்கூடாதே.

வியாழக்கிழமை தபாலில் போடுகிறேன். வந்ததும் நீ பிரிக்காதே, அவளிடமே கொடு. முதல் நாள் பூனையோ வீடோ எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம், இஷ்டப்படி அடுக்கட்டும்.

அன்புடன்,
அம்மா